பிரேக்கிலிருந்து கால் எடுத்தபோது

சிறுநீரகம் பழுதான ஒருவருக்கு அவருடைய அண்ணனே ஒரு சிறுநீரகம் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரத்தப் பிரிவு பொருந்துகிறது. அறுவைச் சிகிச்சையும் நல்லபடியாக முடிகிறது. ஆனாலும் எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரைகளை அவர் ஆயுள் முழுக்க விழுங்கியாக வேண்டும். விட்டால் உடம்பு அந்தச் சிறுநீரகத்தை அந்நியம் என்று கண்டுகொண்டு அழித்துவிடும். உடன்பிறந்தவரின் உறுப்பையே ஏற்காத இந்த உடம்பு, மிளகளவு புற்றுக்கட்டி எலுமிச்சை அளவுக்கு வளரும்வரை எப்படிச் சும்மா இருக்கிறது? ஒரு ஜலதோஷத்துக்குக் காட்டும் எதிர்ப்பைக்கூட அதனிடம் காட்டுவதில்லையே, ஏன்?

கட்டிக்குள் நிற்கும் டி செல்கள்

"புற்றுச்செல் நம் சொந்தச் செல், உடம்புக்கு அதை அடையாளம் தெரியாது" என்பது நெடுநாள் சொல்லப்பட்டு வந்த பதில். அதில் பாதிதான் சரி. மரபணுவில் பிழைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துதான் ஒரு செல் புற்றாகிறது. பிழையான மரபணு பிழையான புரதத்தைத் தயாரிக்கும். நம் செல்கள் தமக்குள் தயாராகும் புரதங்களின் துணுக்குகளை எந்நேரமும் மேற்பரப்பில் எடுத்துக் காட்டிக்கொண்டிருப்பவை. ஆகவே பிழைத் துணுக்கும் வெளியே தெரிந்துவிடும். இத்தகைய துணுக்குகளைத் தடவிப் பார்த்துக்கொண்டே ஒருவகை வெள்ளையணுக்கள் உடம்பெங்கும் சுற்றி வருகின்றன. நெஞ்செலும்புக்குப் பின்னால் உள்ள தைமஸ் சுரப்பியில் முதிர்வதால் அவற்றுக்கு டி செல் என்று பெயர். துணுக்கு புதிதாக இருந்தால், அதைக் காட்டிய செல்லை டி செல் கொன்றுவிடும்.

இது உண்மையிலேயே நடக்கிறது என்பதற்குச் சான்று, மேலே சொன்ன மாத்திரைகள்தான். உறுப்பு மாற்றம் செய்துகொண்டு எதிர்ப்பாற்றலை அடக்கி வைத்திருப்பவர்களுக்குப் புற்றுநோய், குறிப்பாகத் தோல் புற்று, மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகிறது. அப்படியானால் மற்றவர்கள் உடம்பில் டி செல்கள் சத்தமில்லாமல் சில புற்றுகளை முளையிலேயே கிள்ளிக்கொண்டிருக்கின்றன.

இன்னொரு சான்று நோய்க்கூறு வல்லுநர்களின் நுண்ணோக்கியில் இருந்தது. அறுத்தெடுத்த புற்றுக்கட்டியைச் சீவிப் பார்த்தால் பல நேரம் உள்ளே டி செல்கள் கூட்டமாக இருக்கும். எதிரியை அடையாளம் கண்டு, தேடி வந்து, பக்கத்திலேயே நிற்கின்றன. கொல்லவில்லை. வந்த பிறகு அவற்றை நிறுத்தியது எது?

தூண்டிப் பார்த்த நூறு ஆண்டு

இந்தக் கேள்வியை யாரும் கேட்காமலே ஒரு நூற்றாண்டு போயிற்று. எதிர்ப்பாற்றல் போதவில்லை, அதைத் தூண்டிவிட வேண்டும் என்றே எல்லாரும் நினைத்தார்கள். நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி 1891-இல் புற்றுநோயாளிகளுக்குப் பாக்டீரியாவை ஊசியாகப் போட்டார். கடும் தோல் தொற்று கண்ட ஒருவரின் கழுத்துக் கட்டி கரைந்துபோனதை அவர் அறிந்திருந்தார். சிலருக்குப் பலித்தது, பலருக்கு இல்லை. பின்னால் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பொருள்களான இன்டர்ஃபெரான் வந்தது, இன்டர்லியூக்கின்-2 வந்தது, விதவிதமான புற்றுத் தடுப்பூசிகள் வந்தன. கதை பெரிதாக மாறவில்லை. 1980-களில் "எதிர்ப்பாற்றல் வழிப் புற்றுச் சிகிச்சை" என்று சொன்னால் மற்ற புற்றுநோய் ஆய்வாளர்கள் புன்னகையோடு நகர்ந்துவிடும் நிலை.

ஒரே மூலக்கூறு, இரண்டு உத்தரவு

துணுக்கைக் கண்டவுடனே டி செல் பாய்ந்துவிடாது. அது கிளம்ப இரண்டாவது அனுமதி ஒன்று வேண்டும். டி செல்லின் மேல் சி.டி.28 என்ற ஏற்பி இருக்கிறது. ஏற்பி என்பது சேதியைப் பிடித்துச் செல்லுக்குள் கடத்தும் புரதம். எதிர்ப்பாற்றல் மண்டலத்தின் வேறு சில செல்கள் பி7 என்ற மூலக்கூறை ஏந்தி நிற்கும். சி.டி.28 அந்த பி7-ஐப் பற்றியதும் "போ" என்ற உத்தரவு உள்ளே போகும். வாகனத்தில் ஆக்சிலரேட்டரை அழுத்துவது போல என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள்.

1987-இல் பிரான்சின் மார்செய் நகரில் பியர் கோல்ஸ்டைன் குழு டி செல்லின் மேல் இன்னொரு ஏற்பியைக் கண்டது. சி.டி.எல்.ஏ-4 என்று பெயர் வைத்தார்கள். இதுவும் அதே பி7-ஐத்தான் பற்றுகிறது, அதுவும் சி.டி.28-ஐவிடப் பல மடங்கு இறுக்கமாக. இது இரண்டாவது ஆக்சிலரேட்டராக இருக்கும் என்று பலர் எண்ணினார்கள். சிகாகோவில் ஜெஃப்ரி புளூஸ்டோன் குழுவும் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஜேம்ஸ் ஆலிசன் குழுவும் நேர்மாறாகக் கண்டன. டி செல் ஒன்று கிளம்பிய பிறகே இந்த ஏற்பி பெருமளவில் மேற்பரப்புக்கு வருகிறது. வந்ததும் பி7-களைச் சி.டி.28-இடமிருந்து பறித்துக்கொள்கிறது. டி செல் அடங்குகிறது. ஆக இது பிரேக்.

பிரேக் எவ்வளவு அவசியம் என்பது 1995-இல் தெரிந்தது. இந்த ஏற்பியே இல்லாமல் பிறக்கும்படி மாற்றிய எலிகள் மூன்று, நான்கு வாரங்களில் செத்தன. கட்டுப்பாடின்றிப் பெருகிய டி செல்கள் இதயத்திலும் கணையத்திலும் புகுந்து சொந்த உறுப்புகளையே சிதைத்திருந்தன. ஆகவே இந்தப் பிரேக்கை இன்னும் அழுத்தினால் மூட்டுவாதம் போன்ற, உடம்பு தன்னையே தாக்கும் நோய்களுக்கு மருந்து கிடைக்குமே என்று சிலர் போனார்கள். நியாயமான யோசனைதான். ஆலிசன் எதிர்த்திசையில் யோசித்தார்: கொஞ்ச காலத்துக்கு மட்டும் இந்தப் பிரேக்கை வேலை செய்யவிடாமல் வைத்தால், புற்றுக்கட்டியின் பக்கத்தில் நிற்கும் டி செல் நகருமா?

கிறிஸ்துமஸ் விடுமுறையில் எலிகள்

1994 இறுதி. ஆலிசனின் ஆய்வகத்தில் டானா லீச் எலிகளுக்குப் பெருங்குடல் புற்றுச்செல்களை ஊசிமூலம் செலுத்தினார். பிறகு ஒரு பிரிவு எலிகளுக்கு சி.டி.எல்.ஏ-4-இல் போய் ஒட்டிக்கொண்டு அதை மூடிவிடும் எதிர்ப்பொருளைக் கொடுத்தார். எதிர்ப்பொருள் என்பது குறிப்பிட்ட ஒரே இலக்கில் மட்டும் ஒட்டும் புரதம். அது புற்றைத் தொடவில்லை, டி செல்லைத் தூண்டவும் இல்லை. பி7 வந்து உட்காரும் இடத்தை அடைத்துக்கொண்டது, அவ்வளவே.

அந்த எலிகளின் கட்டிகள் மறைந்தன. ஆலிசனால் நம்ப முடியவில்லை. விடுமுறையையும் பாராமல் சோதனையை உடனே திரும்பச் செய்தார்கள். இம்முறை எந்தக் கூண்டுக்கு எது கொடுக்கப்பட்டது என்பது அளப்பவருக்குத் தெரியக்கூடாது என்று ஏற்பாடு. அளந்தவர் ஆலிசனே. முதல் சில நாள்கள் அவருக்கு ஏமாற்றம்தான். எல்லாக் கூண்டுகளிலும் கட்டிகள் வளர்ந்துகொண்டிருந்தன. பிறகு சில கூண்டுகளில் மட்டும் வளர்ச்சி மட்டுப்பட்டது. அப்படியே நின்றது. கட்டிகள் சுருங்கி இல்லாமல் போயின. மற்ற கூண்டுகளில் கட்டிகள் பெருத்துக்கொண்டே போயின. குறிப்பைப் பிரித்துப் பார்த்தபோது எதிர்ப்பொருள் பெற்றவை எவை, பெறாதவை எவை என்று சந்தேகமில்லாமல் பிரிந்திருந்தது.

1996-இல் வெளியான ஆய்வுக்கட்டுரையில் இன்னொரு செய்தியும் உண்டு. பிழைத்த எலிகளுக்குப் பின்னர் அதே புற்றுச்செல்களை மறுபடி செலுத்தியபோது அவை முளைக்கவே இல்லை. டி செல்கள் நினைவில் வைத்திருந்தன. கீமோதெரபி மருந்துக்கு இந்த வேலை தெரியாது. அது உடம்பில் இருக்கும்வரை கொல்லும், வெளியேறியதும் முடிந்தது.

மேலே சொன்னதில் ஒரு விவரத்தை வாசகர் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்: கட்டிகள் முதலில் வளர்ந்தன, பிறகே சுருங்கின.

முதலில் வீங்கும், பிறகு வற்றும்

பல மருந்து நிறுவனங்கள் கைவிரித்த பிறகு மெடாரெக்ஸ் என்ற சிறு நிறுவனம் மனிதர்களுக்கான எதிர்ப்பொருளை உருவாக்கியது. அதுதான் இபிலிமுமாப். நோயாளிகளுக்குக் கொடுத்து ஸ்கேன் எடுத்தபோது சிலரின் கட்டி பெரிதாகத் தெரிந்தது. கீமோதெரபி உலகின் விதிப்படி கட்டி பெரிதானால் மருந்து தோற்றது என்று பொருள், நிறுத்திவிட வேண்டும். ஆனால் இங்கே பெரிதானதற்கு உள்ளே வந்து குவிந்த டி செல்களும் ஒரு காரணமாக இருக்க முடியும். மாதங்கள் கழித்து அதே கட்டி சுருங்கிய நோயாளிகள் இருந்தார்கள். எலிகள் 1994-இலேயே சொன்ன சேதிதான். அளவுகோலை மாற்றிக்கொள்ள மனிதர்களுக்குத்தான் பல ஆண்டுகள் பிடித்தன. ஃபைசர் நிறுவனம் இதேபோன்ற தன் மருந்தின் பெரிய சோதனையை, இடைக்கணக்கில் பலன் தெரியவில்லை என்று 2008-இல் நிறுத்திக்கொண்டது. அந்த மருந்து வேறொரு நிறுவனத்தின் கைக்குப் போய், 2022-இல் கல்லீரல் புற்றுக்கு அனுமதி பெற்றது தனிக்கதை.

இபிலிமுமாப் சோதனையைக் கட்டி அளவை வைத்து முடிவு செய்யாமல், யார் எவ்வளவு காலம் உயிரோடிருந்தார்கள் என்பதை வைத்து முடிவு செய்தார்கள். உடம்பெங்கும் பரவிவிட்ட மெலனோமா என்ற தோல் புற்று கண்ட 676 பேர். ஒரு பிரிவுக்குப் புற்றுத் தடுப்பூசி மட்டும், அதாவது தூண்டுதல் மட்டும். இன்னொரு பிரிவுக்கு இபிலிமுமாப் மட்டும். மூன்றாம் பிரிவுக்கு இரண்டும். 2010-இல் முடிவு வந்தது. தடுப்பூசி மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது அவர்களில் பாதிப்பேர் தாண்டிய காலம், 6.4 மாதம். பிரேக்கை விடுவிக்கும் மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 10.1 மாதம். இரண்டும் பெற்றவர்களுக்கு 10 மாதம். தூண்டுதலைச் சேர்த்ததால் ஒரு நாள்கூடக் கூடவில்லை. கோவிட் காலத்துக்குப் பிறகு மருந்துக்கடை அலமாரியெல்லாம் "இம்யூனிட்டி பூஸ்டர்" டப்பாக்களாக நிற்கின்றனவே, அவற்றின் முதுகில் இந்த மூன்று எண்களை அச்சிடலாம்.

நாலு மாதம்கூடக் கூடவில்லையே, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். இடைநிலை எண் இங்கே பாதியை மறைக்கிறது. இபிலிமுமாப் பெற்ற 1,861 பேரின் கணக்கைப் பின்னாளில் ஒன்றாகத் தொகுத்தபோது, மூன்றாம் ஆண்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் உயிரோடிருந்தார். அதற்குப் பிறகு வரைபடத்தின் கோடு கீழே இறங்குவது ஏறக்குறைய நின்றுவிட்டது. மூன்று ஆண்டைத் தாண்டியவர்களில் சிலர் பத்து ஆண்டுவரை கூட உயிரோடிருந்தார்கள். பரவிய மெலனோமாவில் அதற்கு முன் இப்படியொரு தட்டையான கோட்டை மருத்துவர்கள் பார்த்ததில்லை.

கியோட்டோவின் இரண்டாவது பிரேக்

சி.டி.எல்.ஏ-4 பெரும்பாலும் நிணநீர்க் கணுக்களில், டி செல் புறப்படும் இடத்தில், வேலை செய்கிறது. கட்டிக்கே போய்ச் சேர்ந்த டி செல்லை நிறுத்துவது வேறொன்று. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஹோன்ஜோவின் குழு 1992-இல் பி.டி-1 என்ற ஏற்பியைக் கண்டது. அவர்கள் தேடியது செல்கள் தாமாகச் சாகும் விதத்துக்கான மரபணுவை. கிடைத்ததோ அதற்குச் சம்பந்தமில்லாத பிரேக். 1999-இல், இந்த ஏற்பி இல்லாத எலிகளுக்கு உடம்பு தன்னையே தாக்கும் நோய் மெல்ல, முதுமையில் வருவதைப் பார்த்தார்கள். இல்லாவிட்டால் மூன்று, நான்கு வாரத்தில் உயிர் போய்விடும் முதல் பிரேக்கோடு ஒப்பிட்டால் இது மென்மையானது. மருந்துக்கு இலக்காக இதுவே மேல் என்று அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பிரேக்கை அழுத்துவது பி.டி-எல்1 என்ற மூலக்கூறு. நம் நல்ல செல்கள் பலவும் தற்காப்புக்காக இதை வெளியே நீட்டும். புற்றுச்செல் இதைப் பயன்படுத்திக்கொள்ளும் விதம்தான் இந்த இயல் முழுவதிலும் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது. டி செல் புற்றுச்செல்லைத் தாக்கத் தொடங்கும்போது இன்டர்ஃபெரான்-காமா என்ற பொருளைச் சுரக்கிறது. அது தாக்குதலை வலுப்படுத்துவதற்கான சேதி. அந்தச் சேதி புற்றுச்செல்லையும் எட்டுகிறது. எட்டியதும் புற்றுச்செல் பி.டி-எல்1-ஐ உற்பத்தி செய்து மேற்பரப்பில் நிரப்புகிறது. டி செல்லின் பி.டி-1 அதைத் தொடுகிறது, டி செல் சோர்கிறது. தாக்குதலே தாக்குதலை நிறுத்திவிடுகிறது. நுண்ணோக்கியில் கட்டிக்குள் சும்மா நின்ற டி செல்கள் பல தோற்றது இப்படித்தான்.

பி.டி-1-ஐ மூடும் நிவோலுமாப் 2014 ஜூலையில் ஜப்பானிலும், பெம்ப்ரோலிசுமாப் அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றன. இந்த வகை மருந்துகளை இனித் தடைநீக்கிகள் என்று அழைப்போம். ஆலிசனுக்கும் ஹோன்ஜோவுக்கும் 2018-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

கார்ட்டரின் மூளையில் நான்கு புள்ளிகள்

தடைநீக்கியைப் பொதுமக்கள் பேசும்படி செய்தவர் முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர். 2015 ஆகஸ்டில், 90 வயதில், தம் கல்லீரலில் இருந்து அகற்றிய கட்டி மெலனோமா என்றும், மூளையிலும் நான்கு சிறு புள்ளிகள் தெரிகின்றன என்றும் அவரே அறிவித்தார். சில ஆண்டு முன்னால் என்றால் அதற்கு ஒரே பொருள்தான். மூளைக்குக் கதிர்வீச்சும், சந்தைக்கு வந்து ஓராண்டுகூட ஆகாத பெம்ப்ரோலிசுமாபும் கொடுத்தார்கள். டிசம்பரில் ஸ்கேனில் புற்று தென்படவில்லை. அவர் 2024 டிசம்பர் 29 அன்று, 100 வயதில் காலமானார்.

அறுவையும் கதிர்வீச்சும் சேர்ந்திருப்பதால் இந்த வெற்றி முழுவதையும் தடைநீக்கியின் கணக்கில் எழுத முடியாது. ஒருவர் கதை சான்றாகவும் ஆகாது. அதனால் பெரிய எண்ணைப் பார்ப்போம். பரவிய மெலனோமா நோயாளிகள் 945 பேரிடம் நடந்த சோதனையில், இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து விடுவித்த பிரிவில் பத்து ஆண்டு கழித்து 43 விழுக்காட்டினர் உயிரோடிருந்தனர்.

யாருக்குப் பலிக்கும்

மெலனோமாவுக்கு இவ்வளவு பலித்தது தற்செயல் இல்லை. வெயிலின் புறஊதாக் கதிர் தோல் செல்லின் மரபணுவில் எக்கச்சக்கமான பிழைகளை உண்டாக்குகிறது. பிழை மிகுந்தால் டி செல்லுக்குக் கண்ணில் படும் துணுக்குகளும் மிகும். புகைபிடிப்போரின் நுரையீரல் புற்றும் அப்படியே. வேறு சில புற்றுகளில் மரபணுப் பிழையைத் திருத்தும் பொறியமைப்பே பழுதாகியிருக்கும். எனவே பிழைகள் ஆயிரக்கணக்கில் குவியும். இந்தப் பழுது கொண்ட மலக்குடல் புற்று நோயாளிகளுக்கு நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனை டோஸ்டார்லிமாப் என்ற தடைநீக்கியை மட்டும் ஆறு மாதம் கொடுத்தது. 2022-இல் முதல் 12 பேரின் முடிவு வெளியானது. பன்னிரண்டு பேருக்கும் கட்டி மறைந்திருந்தது. ஒருவருக்குக்கூட அறுவை தேவைப்படவில்லை. மலக்குடலை வெட்டியெடுத்து வயிற்றில் பை கட்டிக்கொண்டு வாழ்வது என்னவென்று அறிந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும். ஆனால் மலக்குடல் புற்றுகளில் இந்தப் பழுது உள்ளவை சிறு பகுதியே. செய்தித்தாள் தலைப்புகள் அதைச் சொல்ல மறந்துவிட்டன.

கணையப் புற்றிலும், மூளையில் தோன்றும் கிளையோபிளாஸ்டோமாவிலும் பெரும்பாலானோருக்குத் தடைநீக்கிகள் பயன் தரவில்லை. கணையக் கட்டிக்குள் டி செல்கள் அதிகம் நுழைவதே இல்லை. ஓடாத வண்டியின் பிரேக்கை விடுவித்து என்ன பயன்? உடம்பில் இருக்கும் மற்ற பிரேக்குகளையும் ஒவ்வொன்றாக விடுவித்துப் பார்க்கும் போட்டியும் நடந்தது. ஐ.டி.ஓ என்ற நொதியைத் தடுக்கும் மருந்தைப் பெரும் எதிர்பார்ப்போடு பெம்ப்ரோலிசுமாபோடு சேர்த்துக் கொடுத்தார்கள். 2018-இல் அது தோற்றது. லேக்-3 என்ற மூன்றாவது ஏற்பியை மூடும் மருந்து மட்டும் 2022-இல் மெலனோமாவுக்குப் பலனளித்து அனுமதி பெற்றது.

விடுவித்ததற்கு உடம்பு கொடுக்கும் விலை

பிரேக்கை விடுவித்தால் டி செல்கள் புற்றை மட்டும் தாக்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. மெலனோமா நோயாளிகள் சிலருக்குத் தோலில் வெண்திட்டுகள் தோன்றும். புற்றும் தோலின் நிறமிச் செல்லும் ஒரே குடும்பம் என்பதால் டி செல்கள் இரண்டையும் அழிக்கின்றன. வெண்திட்டு வந்தவர்களுக்குப் புற்று நன்றாகக் கட்டுப்படுவதும் உண்டு. மற்றவை அவ்வளவு சாதுவானவை அல்ல. பெருங்குடல் புண்ணாகி ஓயாத வயிற்றுப்போக்கு, நுரையீரல் அழற்சி, கல்லீரல் அழற்சி, தைராய்டு சுரப்பு நின்றுபோவது, திடீர்ச் சர்க்கரை நோய், அரிதாக இதயத் தசை அழற்சி. இரண்டு பிரேக்குகளையும் சேர்த்து விடுவித்தால் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கடுமையான விளைவு ஏதேனும் வருகிறது. பெரும்பாலும் ஸ்டீராய்டு கொடுத்து அடக்கிவிடுவார்கள். இதயம் தாக்கப்பட்டால் பிழைப்பது கடினம்.

20 மில்லிகிராம்

இன்னொரு விலை பணம். நிவோலுமாபின் வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். நம் நாட்டில் அதை வாங்கக்கூடியவர்கள் மிகச் சிலரே. மும்பை டாடா நினைவு மருத்துவமனை இங்கேதான் துணிச்சலான கேள்வியைக் கேட்டது. மிகக் குறைந்த அளவிலேயே இரத்தத்தில் சுற்றும் டி செல்களின் பி.டி-1 ஏற்பிகளில் பெரும்பகுதி மூடிக்கொள்கிறது என்பது தொடக்ககாலச் சோதனைகளிலேயே தெரிந்த செய்தி. அப்படியிருக்க, இவ்வளவு மருந்து எதற்கு?

புகையிலையால் இந்தியாவில் மிகுதியாகக் காணப்படும் வாய், தொண்டைப் புற்றுகள் முற்றிய நிலையில் இருந்த 151 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லாருக்கும் மலிவான மூன்று மாத்திரைகள். அவர்களில் பாதிப்பேருக்கு மட்டும் கூடுதலாக மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப். வழக்கமான அளவில் அது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் ஓராண்டு முடிவில் உயிரோடிருந்தவர்கள் 16.3 விழுக்காடு. 20 மில்லிகிராமும் பெற்றவர்களில் 43.4 விழுக்காடு. முழு அளவோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட சோதனை அன்று இது. ஆகவே இரண்டும் சமம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் முழு அளவை வாங்க முடியாத நோயாளிக்கு ஒன்றுமே கொடுக்காமல் அனுப்புவதைவிட இது எவ்வளவோ மேல் என்று தாராளமாகச் சொல்லலாம்.

வீட்டில் யாருக்கேனும் புற்றுநோய் என்றால், கடன் வாங்குவதற்கு முன் மருத்துவரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இந்தக் கட்டியில் பி.டி-எல்1 எவ்வளவு, மரபணுப் பிழை திருத்தும் அமைப்பு பழுதா என்ற பரிசோதனைகள் செய்தாயிற்றா? இந்த வகைப் புற்றில் தடைநீக்கி பலித்ததற்குச் சான்று உண்டா? ஏற்கெனவே தடைநீக்கி எடுத்துக்கொண்டிருப்பவருக்கு வயிற்றுப்போக்கோ மூச்சிரைப்போ வந்தால், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசியை நிறுத்திப் பல மாதம் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள்.